அன்னாவின் ஆட்டுக்குட்டி



சற்றுமுன் வாசித்த முதல் வாசகத்தில் ஓர் ஆட்டுக்குட்டி வந்தது. தோபித்து நூல், இரண்டாம் அதிகாரம். தோபித்து நல்ல மனிதர். பசித்தவருக்குச் சோறு போட்டவர், நாதியற்றுக் கிடந்த பிணங்களை எடுத்து அடக்கம் செய்தவர். அவருக்குக் கண் போய்விட்டது. மருத்துவர்களிடம் போனார்; அவர்கள் மருந்து பூசப் பூசப் பார்வை இன்னும் மங்கியது. இப்படி நான்கு ஆண்டுகள். வீட்டுச் செலவுக்கு வழியில்லாமல் மனைவி அன்னா கூலிக்கு நெசவு செய்யத் தொடங்கினார். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்து அனுப்பினார்கள். குட்டி வீட்டுக்குள் வந்து கத்தியது. பார்வையில்லாத மனிதர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். எங்கிருந்து வந்தது, திருட்டு ஆடா, உடையவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்றார். கூலிக்கு மேலே அன்பளிப்பாகத் தந்தது என்று அன்னா சொல்லியும் நம்பவில்லை. அன்னாவுக்குப் பொறுக்கவில்லை. நீர் செய்த தருமமெல்லாம் இப்போது எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டார்.

யோபுவின் மனைவி ஓரிரு வார்த்தை பேசிவிட்டுக் கதையிலிருந்து போய்விடுகிறார். இங்கே அப்படி இல்லை. நோய் புகுந்த ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் எப்படிச் சண்டை போடுவார்கள் என்பதை, ஆட்டுக்குட்டியின் சத்தம் உட்பட, திருவிவிலியம் எழுதி வைத்திருக்கிறது. இத்தனை நாள் இந்த இடத்தை வேகமாக வாசித்துவிட்டு, வானதூதர் இரபேல் வரும் இடத்துக்கு ஓடிப்போயிருக்கிறேன். அது என் தவறு.

இன்று பிப்ரவரி 11, லூர்து அன்னையின் நினைவுநாள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் இந்த நாளை உலக நோயாளர் தினமாக ஏற்படுத்தினார். 1993 முதல் உலகமெங்கும் கொண்டாடுகிறோம். வழக்கமாக இந்த நாளில் நோயாளிகளைப் பற்றிப் பேசுவேன். இன்று திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், இந்த வீட்டு முற்றத்தில், நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறவர்களையும் சேர்த்துப் பேச விரும்புகிறேன். எல்லா நோயையும் பேச நேரமில்லை. பார்க்கின்சனை எடுத்துக்கொள்கிறேன். இந்த வட்டாரத்தில் நான் நற்கருணை கொண்டுபோகும் வீடுகளில் அடிக்கடி பார்க்கும் நோய் அது.

ஏன் இங்கே இவ்வளவு தெரிகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீடுகளில் ஊரிலிருந்து யாராவது வந்து தங்கியிருக்கிறார்கள் என்றால் பாதி நேரம் காரணம் ஆஸ்பத்திரிதான். நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம், எங்கிருந்தாலும் களியக்காவிளை தாண்டி இங்கே வருகிறார்கள். 1956 வரைக்கும் எல்லாம் ஒரே ஆட்சிக்குள் இருந்தது. எல்லை மாறிவிட்டது, சீக்கு வந்தால் போகும் வழி மாறவில்லை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி பாளையம், பட்டம் வழியாக மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இறங்கினால் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம். 1976-இல் ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. உடல் அசைவுக் கோளாறுகளுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. மூளையின் ஆழத்தில் மின்கம்பி வைத்துத் தூண்டும் டி.பி.எஸ். அறுவை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நடக்கிறது. கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அந்த வாசலில் நடுங்கிக்கொண்டு நுழைந்து, நிமிர்ந்து வெளியே வந்தவர்களை நான் அறிவேன்.

ஆனால் வெளியே வந்தபிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் அறிவேன். இன்றைக்கு அதைத்தான் பேச வேண்டும்.

முதலில் நோய். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது. நம் பக்கத்து வைத்தியர்கள் நடுக்குவாதம், கம்பவாதம் என்பார்கள். மூளையின் அடியில் ஒரு சிறு பகுதியில் டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. கை நடுக்கத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். மனைவி பார்ப்பது வேறு. கணவரின் முகம் அசைவதில்லை. சிரிப்பு வந்தாலும் முகத்துக்கு வருவதில்லை. குரல் தாழ்ந்துவிடுகிறது. இருபத்தைந்து வருடம் தன்னைப் பார்த்துச் சிரித்த முகம் ஒருநாள் சுவர்போல ஆகிவிட்டால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? தன்மேல் கோபம் என்று நினைப்பாள். எத்தனையோ வீடுகளில் நோய் என்று தெரிவதற்கு ஓரிரண்டு வருடம் முன்பே சண்டை தொடங்கியிருக்கிறது. கனவில் கையும் காலும் வீசி அடிப்பதும் இந்த நோயில் உண்டு. பக்கத்தில் படுத்தவருக்கு அடி விழும். காலையில் எழுந்தால் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. அப்படித் தனித்தனி அறைக்குப் போன தம்பதிகள் இருக்கிறார்கள். ஏன் போனார்கள் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

பிறகு மாத்திரை வருகிறது. லெவோடோபா 1960-களின் கடைசியிலிருந்து கோடிக்கணக்கானவர்களை எழுந்து நடக்க வைத்திருக்கிறது. நம் வைத்தியர்கள் கொடுத்துவந்த பூனைக்காலி விதையிலும் அதே பொருள்தான் இருக்கிறது. முதல் சில ஆண்டுகள் தேனிலவு மாதிரி. அப்புறம் மாத்திரை பிடிக்கும் நேரம் குறையும். மூன்று மணி நேரம் ஆன், ஒரு மணி நேரம் ஆஃப் என்று வீட்டில் எல்லோரும் பேசக் கற்றுக்கொள்வார்கள். மீனோ பருப்போ சாப்பிட்ட உடனே போட்டால் பிடிக்காது. அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும். அதனால் அடுப்படியும் மாத்திரையும் ஒரே கடிகாரத்தில் ஓடும். ஞாயிறு காலை ஆறரை மணித் திருப்பலியா எட்டு மணியா என்பதைக்கூட மாத்திரைதான் தீர்மானிக்கும். இந்தக் கடிகாரத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் மனைவி. அவர் தாலி கட்டியவருக்கு மனைவி. கொஞ்சம் கொஞ்சமாக நர்ஸ் ஆகிறார், பிறகு தாய் ஆகிறார். மனைவி என்ற இடம் காலியாகக் கிடக்கிறது. வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இன்றைய நற்செய்தியில், உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் சொன்னது நினைவிருக்கும். இளமையில் நீயே கச்சை கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய். முதுமையில் கையை நீட்டுவாய், வேறொருவர் உனக்குக் கட்டிவிட்டு, நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிச் செல்வார் என்ற பொருளில் சொன்னார். அது பேதுருவின் சாவைப் பற்றியது என்று நற்செய்தியாளரே விளக்குகிறார். ஆனால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் மனைவியின் முன்னால் கையை விட்டுவிட்டு நிற்கும் மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தைகள்தான் கேட்கின்றன. பேதுருவும் கல்யாணம் ஆனவர். அவர் மாமியாரின் காய்ச்சலை இயேசு குணமாக்கினார்.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் சம்மதம் கேட்டுவிட்டேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். குமரி மாவட்டத்துக்காரர்கள். அவருக்குப் பதினொரு வருடமாக நோய். அந்த அம்மா அதிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து முதல் மாத்திரையைக் கொடுப்பார். அவரைத் திருப்பிப் படுக்க வைக்க இரவில் நான்கு முறை எழுவார். சவரம் செய்துவிடுவது, சோறு பிசைந்து கொடுப்பது, பேங்கில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்க மேனேஜரிடம் மன்றாடுவது, எல்லாம் அவர்தான். பிறகு டி.பி.எஸ். செய்தார்கள். உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியை மூளைக்குள் ஒரு குறிப்பிட்ட இடம்வரை இறக்குவார்கள். பல நேரம் நோயாளி விழித்திருப்பார். விரலை மடக்கு, பேசு என்று மருத்துவர் சொல்லச் சொல்லச் செய்வார். கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் மின்கலம் வைப்பார்கள். பிறகு பல வாரங்கள், மாதங்கள்கூட அதன் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். பிரான்சில் கிரெனோபிள் நகரத்து மருத்துவர்கள் பெனாபித்தும் போலாக்கும் 1987-இல் தொடங்கிய முறை. இது நோயை நீக்குவதில்லை. ஆனால் உடம்பை விடுவிக்கிறது.

இவர் விடுதலை ஆனார். மூன்றாம் மாதம் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கி வந்தார். வாசலில் பையைத் தூக்கிக் காட்டினார். மனைவி மீனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நானும் நினைத்தேன். ஆறு மாதம் கழித்து அந்த அம்மா என்னிடம் வந்தார். "அவருக்கு இனி நான் எதுக்கு ஃபாதர்? எனக்க வேலை முடிஞ்சு போச்சு" என்றார். மறுவாரம் கணவர் வந்தார். "இவ என்னை இன்னும் சீக்காளியாட்டுதான் பாக்கா. டம்ளரை எடுத்தா கையைப் பிடிக்கா, ரோட்டைத் தாண்டினா கத்தா. நான் எப்ப ஃபாதர் ஆம்பிளையா ஆவேன்?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பதினொரு வருடம் அந்த அம்மாவுக்குக் கோபம் வராமலா இருந்திருக்கும்? நோயாளியிடம் கோபப்பட முடியாது என்று உள்ளே வைத்திருந்தார். அவர் நன்றாக ஆனதும் அந்தக் கோபத்துக்கு வழி திறந்தது. அந்த அம்மாவுக்கு முதுகு வலி வந்தது, தூக்கம் கெட்டது. தன் அலுப்பு முழுவதும் அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஊரே வந்து கணவரை வாழ்த்திய நாட்களில், இந்த அம்மாவின் முகம் வாடியிருந்ததை எல்லோரும் குறையாகச் சொன்னார்கள்.

இது ஒரு வீட்டின் கதை மட்டும் என்றால் மறையுரையில் சொல்லியிருக்க மாட்டேன். 2006-இல் பாரிஸ் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த அறுவை செய்துகொண்ட 29 பேரை, அறுவைக்கு முன்பும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் கழித்தும் உட்கார வைத்துப் பேசினார்கள். உடல் அசைவு நன்றாகத் தேறியிருந்தது. அன்றாட வேலைகளும் எளிதாகியிருந்தன. ஆனால் அவர்களில் 24 பேர் தம்பதியராக வாழ்ந்தவர்கள். அதில் 17 வீடுகளில் கணவன் மனைவிக்குள் பூசல் வந்திருந்தது. அறுவைக்கு முன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் பலருக்கு வேலை வாழ்க்கையிலும் சிக்கல் வந்தது. சிலருக்கு இனி வாழ்க்கையில் எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சிலர் உடம்பு தேறியதும் இழந்த ஆண்டுகளை ஒரே மூச்சில் பிடித்துவிட ஓடினார்கள், மனைவியால் கூட ஓட முடியவில்லை. பாரிஸ் எங்கே, நம் முற்றம் எங்கே. ஆனாலும் அந்தக் கட்டுரையின் விவரத்தை ஒரு மருத்துவ நண்பர் எனக்கு விளக்கியபோது, நம் வீடுகளையே யாரோ எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

அதற்காக அறுவை வேண்டாம் என்று யாரும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கைகூப்பிச் சொல்கிறேன். மருத்துவர் தகுதி இருக்கிறது என்று சொன்னால், செலவுக்கு வழி இருந்தால், செய்துகொள்ளுங்கள். பலருக்கு அது வாழ்வைத் திருப்பித் தருகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: அறுவைக்கு முன் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பேரும் போங்கள். மகனும் அப்பாவும் மட்டும் போய்த் தீர்மானித்துவிட்டு வந்து அம்மாவிடம் தேதியைச் சொல்லாதீர்கள். பேச்சு இன்னும் குழறலாம், மனநிலை மாறலாம், மாத்திரை குறையும்போது உற்சாகமும் குறையலாம். அதையெல்லாம் மனைவியும் தன் காதால் கேட்க வேண்டும். பிறகு நடக்கப்போவது அவருக்கும்தான்.

அடுத்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பீடத்தின் முன் நின்று சொல்லும் விஷயமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் விட்டதால் நடந்த தீங்கை நினைத்துச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். கணவருக்குப் பார்க்கின்சன். நாற்பது வருடம் ஒழுக்கமாக வாழ்ந்த மனிதர். லாட்டரிக் கடையில் தினமும் நூற்றுக்கணக்கில் வாங்கினார். ராத்திரி முழுதும் உட்கார்ந்து போனில் கண்டதையெல்லாம் ஆர்டர் செய்தார். மனைவியிடம் வயதுக்கும் வழக்கத்துக்கும் மீறிய வற்புறுத்தல். அந்த அம்மா சொல்ல முடியாமல் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பொறுத்துக்கொள்ளுங்கள், செபமாலை சொல்லுங்கள், நோயாளிதானே என்றேன். அவரைத் தனியே கூப்பிட்டுப் பாவத்தைப் பற்றிப் பேசினேன். அந்த மனிதர் தலைகுனிந்து அழுதார். ஆனால் நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் அவரைப் பிடித்துத் தள்ளியது மருந்து. பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்று டோபமைனைப் போல வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன; நல்ல மருந்துகள்தான், ஆனால் சிலருக்கு அவை சூதாட்டத்தையும் செலவையும் தீனியையும் காம வேகத்தையும் கட்டவிழ்த்து விடுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் கேட்டு 2010-இல் எழுதியிருக்கிறார்கள்: இந்த வகை மாத்திரை எடுப்பவர்களில் 100-க்கு 17 பேருக்கு இப்படி ஏதேனும் ஒன்று இருந்தது, எடுக்காதவர்களில் 7 பேருக்கு. பின்னால் மருத்துவர் அளவைக் குறைத்தார். சில மாதங்களில் பழைய மனிதர் திரும்பி வந்தார். அதற்குள் அந்த வீட்டில் எத்தனை இரவுகள் அழுகையில் போயிருந்தன. அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் முன்பும் கேட்கிறேன்.

ஆகையால் மனைவிமாரே, கணவர்களே, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இது குணக்கேடு இல்லாமல் மருந்துக்கேடாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், நேரில் சொல்லக் கூசினால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நோயாளி என்பதற்காகக் கட்டிலில் எல்லாவற்றுக்கும் உடன்பட வேண்டும் என்று திருச்சபை சொல்வதில்லை. அப்படிச் சொன்னதாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நோய் மனைவிக்கு வந்தால்? இந்த நோய் ஆண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. ஆனால் அறுவைக்குப் போகிறவர்களில் பெண்களின் பங்கு, நோயுள்ள பெண்களின் பங்கைவிடக் குறைவு என்று பல நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் காரணம் எனக்குத் தெரியும். அவருக்கு என்றால் நிலத்தை விற்கலாம். அவளுக்கு என்றால், வயசாகிவிட்டது, இனி எதற்கு என்போம். அவளே சொல்வாள், எனக்கு எதுக்கு, பேத்தி கல்யாணத்துக்கு வையுங்க என்பாள். அவள் சொன்னாள் என்பதற்காகச் சரி என்று தலையாட்டாதீர்கள், கணவர்களே. நீங்கள் கேட்டு அவள் மறுக்கட்டும், இரண்டாம் முறை கேளுங்கள், மூன்றாம் முறை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நடுங்கும் கையோடு அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தால் அந்தத் துருவலை வாங்கி நீங்கள் துருவுங்கள். துருவத் தெரியாது என்றால் இன்றைக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் யோவான் பவுல் பெயரைச் சொன்னேன். 1986 பிப்ரவரி 8-ஆம் நாள் அவர் நம் நகரத்துக்கு வந்தார். உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள்: நிமிர்ந்த தோள், முழங்கும் குரல். அதே மனிதருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வந்தது. 2003-இல் வத்திக்கான் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2005 ஏப்ரல் 2-இல் இறக்கும்வரை நடுங்கும் கையையும் வராத குரலையும் உலகத்தின் முன் மறைக்காமல் நின்றார். நோயாளியின் மாண்புக்கு அவர் பெரிய சாட்சி. ஆனால் அவர் மணமாகாதவர். அவரைக் கவனிக்க அருட்சகோதரிகளும் செயலரும் மருத்துவர்களும் இருந்தார்கள். உங்கள் வீட்டில் அதெல்லாம் ஒரே ஆள். அதனால்தான் உங்களுக்குத் திருத்தந்தையின் முன்மாதிரியைவிட அன்னாவின் கதை நெருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கதைக்குத் திரும்புகிறேன். சண்டைக்குப் பிறகும் தோபித்தும் அன்னாவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மகன் தூரப் பயணம் போனபோது அன்னா அழுதார். தோபித்து மனைவியைச் சகோதரி என்று அழைத்து, கவலைப்படாதே என்றார். மகன் திரும்ப நாளானபோது மறுபடியும் வாக்குவாதம். அவர் பேசாமல் இரு என்றார். நீர் பேசாமல் இரும் என்றார் அன்னா. மகன் போன வழியைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்னாதான். மகன் வருவதை முதலில் கண்டு கணவருக்குச் சொன்னதும் அவர்தான். மகன் மீனின் பித்தத்தைத் தகப்பன் கண்ணில் பூசினான், வெண்படலம் உரிந்தது, பார்வை வந்தது. உடனே தோபித்து மருமகளை வரவேற்க நினிவே நகர வாயிலுக்குப் போனார். யாரும் கைபிடித்து நடத்தாமல் அவர் நடந்து வருவதைக் கண்டு மக்கள் வியந்தார்கள் என்று நூல் சொல்கிறது.

அதுவரை கைபிடித்து நடத்திய கை யாருடையது? நூல் சொல்லவில்லை. பார்வை திரும்பிய பிறகு அன்னாவைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்து அவரைப் பற்றி வருவது கடைசி அதிகாரத்தில், மகன் அவரைத் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யும் இடத்தில். ஆட்டுக்குட்டி விஷயத்தில் நான் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று தோபித்து சொன்னாரா? நான் உம் தருமத்தைப் பழித்தேன் என்று அன்னா சொன்னாரா? எழுதப்படவில்லை. எழுதப்படாததை இட்டுக்கட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் அதைச் சொல்லிக்கொள்ள உங்களுக்கு வாய் இருக்கிறது.

திருமணத்தன்று ஒருவர் கையை ஒருவர் பிடித்து வாக்குக் கொடுத்தீர்களே, அதில் நோய் மட்டுமா இருந்தது? நலமும் இருந்தது. நோயில் கைவிடாதிருப்பதுதான் கடினம், நலத்தில் என்ன கஷ்டம் என்று நாம் அந்தப் பாதியைக் காதில் வாங்குவதே இல்லை. திரும்பி வந்த நலத்திலும் பிரமாணிக்கம் வேண்டும். நன்றாக ஆனவர் முதல் நடையை நண்பர்களிடம் கொண்டுபோகாமல் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஸ்ரீவராகம் குளத்தை ஒருமுறை இருவரும் சுற்றி வாருங்கள், மெதுவாக, அவர் நடைக்கு ஏற்ப. கவனித்தவர் பொத்தானிலிருந்து கையை எடுக்கப் பழகட்டும். அவர் ஐந்து நிமிடம் எடுத்தாலும் போட்டுக்கொள்ளட்டும். இத்தனை வருடம் உன்னை என்ன பாடுபடுத்தினேன் என்று அவர் ஒருநாள் கேட்கட்டும். கேட்டுவிட்டு, பதிலை முழுதும் கேட்கட்டும், நடுவில் நியாயம் சொல்லாமல். நான் சொன்ன அந்தத் தம்பதியும் இப்படித்தான் தொடங்கினார்கள். இன்னும் முடியவில்லை. சில நாள் பேசிக்கொள்கிறார்கள், சில நாள் பேசுவதில்லை. அவர் இப்போது வாரம் இருமுறை மீன் வாங்கப் போகிறார். அவர் மனைவியும் கூடப் போகிறார், என்ன மீன் என்பதை அந்த அம்மாதான் சொல்கிறார்.

எல்லோருக்கும் அறுவை வாய்க்காது என்பதையும் மறக்கவில்லை. மருந்தின் பலன் குறைந்துகொண்டே போகும் வீடுகளும் இருக்கின்றன, நினைவு தடுமாறும் நிலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். 2008-இலேயே வலிதணிப்புப் பராமரிப்புக்கென்று கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். உள்ளாட்சி வழியாக வீட்டுக்கே நர்ஸ் வரும் ஏற்பாடு இருக்கிறது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியாவும் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. புற்றுநோய்க்கு மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை, கேட்டுப் பாருங்கள். அன்பியத்தில் இருக்கும் இளைஞர்களே, உங்களிடம் காசு கேட்கவில்லை. வாரம் ஒரு நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்காருங்கள். அந்த இரண்டு மணி நேரம் அவருடைய மனைவி தூங்கட்டும், அல்லது கடைக்குப் போகட்டும், அல்லது ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும். என்ன செய்தார் என்று கேட்காதீர்கள்.

இப்போது நோயில் பூசுதல் கொடுக்கப்போகிறேன். போன வருடம் நோயாளிகளை வரிசையில் உட்கார வைத்து, கூட வந்தவர்களைப் பின்னால் சுவரோரம் நிற்கச் சொன்னோம். இந்த வருடம் அப்படி வேண்டாம். எண்ணெய் நோயாளிக்குத்தான். ஆனால் இருவர் தலைமீதும் கை வைத்துச் செபிப்பேன். நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டிருக்கிறார்கள். சுவரோரம் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், அவர் பக்கத்தில் உட்காருங்கள்.